பச்சைத் தண்ணீருக்கு இருட்டே மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மீன் தொட்டியில் தண்ணீர் பச்சையாகிவிட்டால் முழுவதையும் இறைத்துவிட்டு, கற்களையும் ஃபில்டரில் உள்ள ஸ்பாஞ்சையும் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, மறுபடி நிரப்ப வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில் அண்மையில் படித்தேன். செடிகளோடு மீன் வளர்ப்போர் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். செய்து மீன்களைப் பறிகொடுக்கிறார்கள். நானும் அப்படிப் பறிகொடுத்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

இரண்டடி நீளமுள்ள என் தொட்டி கிழக்கு ஜன்னலோரம் இருந்தது. சென்ற கோடையில் ஒரே மாதத்தில் மூன்று முறை கழுவினேன். ஒவ்வொரு முறையும் நான்கைந்து நாள் தெளிந்திருந்து, பிறகு முன்னைவிட அடர்த்தியாகப் பச்சை ஏறியது. மூன்றாம் முறை கழுவிய மறுநாளே நியான் டெட்ரா மீன்கள் எட்டும் செத்து மிதந்தன.

காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். பச்சை நிறம் தருவது குளோரெல்லா போன்ற ஒரு செல் பாசி. அது நீரிலேயே மிதப்பதாலும், சாதாரண ஸ்பாஞ்சில் சிக்காத அளவுக்கு நுண்ணியது என்பதாலும், கண்ணாடியைத் தேய்ப்பதால் பயனில்லை. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் வரும் அம்மோனியா இந்தப் பாசிக்கு நல்ல உரம். அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கற்களிலும் ஸ்பாஞ்சிலும்தான் குடியிருக்கின்றன. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அவற்றைக் கழுவும்போது பாக்டீரியா அழிகிறது, அம்மோனியா ஏறுகிறது, மீன் சாகிறது, எஞ்சிய சில பாசிச் செல்கள் மளமளவெனப் பெருகுகின்றன.

செய்ய வேண்டியது எளிது. பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, விளக்கை அணைத்து, தொட்டியைக் கறுப்புத் துணியாலோ தடித்த போர்வையாலோ ஒளி சிறிதும் புகாதபடி நான்கு நாள் மூடிவைக்க வேண்டும். இருட்டில் செடிகள் ஆக்சிஜன் தராது என்பதால் காற்று மோட்டார் இரவும் பகலும் ஓட வேண்டும். செடிகளுக்காகக் கரியமில வாயு செலுத்துவோர் அதைக் கட்டாயம் நிறுத்திவிட வேண்டும். வளர்ந்த மீன்கள் அந்த நான்கு நாளும் இரையில்லாமல் தாங்கும். இடையில் திறந்து பார்க்கும் ஆவலை மட்டும் அடக்க வேண்டும். உணவுச் சேமிப்புள்ள செடிகள் சில இலைகளை உதிர்த்தாலும் பிழைத்துக்கொள்ளும். பாசிக்கு அவ்வளவு சேமிப்பு இல்லை. மூடியை எடுத்ததும், இறந்த பாசி அழுகி மீண்டும் அம்மோனியா ஆகாமலிருக்க, குளோரின் நீக்கிய தண்ணீரைக் கொண்டு மறுபடி பாதியை மாற்றிவிட வேண்டும். செலவழிக்க இயன்றவர்கள் புற ஊதா விளக்குள்ள ஃபில்டரை வாங்கலாம்; அதன் வழியே ஓடும் பாசி மடியும், கற்களில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவுக்குத் தீங்கில்லை.

பாசிக்கொல்லி மருந்துகளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தாமிரம் கலந்தவை செர்ரி இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். எல்லாப் பாசியும் ஒரே சமயத்தில் மடிந்து அழுகினால் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நிற்கும்.

தெளிந்த பின் வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை நகர்த்தி, விளக்கை நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் மட்டும் எரியவிட்டு, இரையைக் குறைத்தாலே பெரும்பாலும் போதும். ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா போன்று விரைந்து வளரும் செடிகளை நிறைய நட்டால், பாசி உண்ணும் சத்தை அவை முந்திக்கொள்ளும். புதுத் தொட்டி வைப்போர் நான்கைந்து செடிகளோடு தொடங்கி, பகல் முழுக்க விளக்கெரிப்பதை அடிக்கடி பார்க்கிறேன். விற்பவர்கள் இதை முதல் நாளிலேயே சொல்லியனுப்பினால் பெரும் உதவியாக இருக்கும்.

பச்சைத் தண்ணீர் நஞ்சன்று என்பதையும் சொல்ல வேண்டும். நன்னீர் இறால் பொரிப்பகங்களில் பச்சை நீரிலேயே குஞ்சுகளை வளர்க்கும் முறை உண்டு. ஆகவே பதற்றத்தோடு ஒரே நாளில் எதையும் செய்யத் தேவையில்லை. தங்கள் குறிப்பைப் படித்து, இந்த வாரம் தொட்டியைக் கழுவ எண்ணியிருப்போர் ஸ்பாஞ்சைக் குழாயடிக்குக் கொண்டுபோகும் முன் இக்கடிதம் அவர்கள் கண்ணில் பட வேண்டும். விரைவில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பெரம்பூர், சென்னை.