பக்கவாத்தியக்காரர் பெயரையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழின் நடுப்பக்கத்தில் ஓர் அரங்கேற்றச் செய்தி வண்ணப் படங்களோடு வந்திருந்தது. ஆடிய பிள்ளை, குரு, பெற்றோர், அம்மம்மா, பிரதம விருந்தினர், ஒப்பனை செய்தவர், மேடை அலங்காரம் செய்தவர், விருந்து சமைத்தவர் என்று எல்லோருடைய பெயரும் இருந்தது. கடைசி வரியில் "பக்கவாத்தியக் கலைஞர்கள் நிகழ்ச்சியைச் சிறப்பித்தனர்" என்று முடித்திருந்தீர்கள். அன்று மிருதங்கம் வாசித்தவன் நான்.

செய்தி எழுதியவரில் குற்றம் சொல்ல வரவில்லை. அழைப்பிதழில் இருந்ததைத்தான் அவர் எழுதியிருப்பார். அழைப்பிதழிலும் எங்கள் பெயர் இல்லை. புகழுக்கு ஆசைப்பட்டு எழுதுகிறான் என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். இந்த நாட்டில் மேடையை நம்பி வாழ நினைக்கும் ஒருவனுக்கு அச்சில் வரும் பெயர் என்னவாக இருக்கிறது என்பதை விளங்கப்படுத்தவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 2010 தை மாதம் ரொறன்ரோ வந்து இறங்கினேன். மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் மிருதங்கம் படித்தவன். வட இலங்கை சங்கீத சபையின் ஆசிரியர் தரப் பரீட்சையும் எழுதினவன். ஊரில் கோயில் கச்சேரி, பாடசாலை விழா, நடன நிகழ்ச்சி என்று ஓரளவு கைப்பழக்கமும் இருந்தது. கொண்டுவந்தது இரண்டு மிருதங்கம்: ஆண் குரலுக்கு ஒரு கட்டைச் சுருதிக்கு ஒன்று, பெண் குரலுக்கு ஐந்து கட்டைச் சுருதிக்கு ஒன்று. இரண்டாவது தக்கு சுருதி, அதாவது தாழ்ந்த சுருதி, உருவத்தில் பெரியது. அதைத்தான் விமானத்தில் போட்டு உடைத்தார்கள். பலாமரக் கட்டை நீளவாட்டில் வெடித்திருந்தது.

மற்றதைக் குளிர் பார்த்துக்கொண்டது. இதை அனுபவிக்காதவர்களுக்குச் சொன்னால்தான் விளங்கும். வெளியே கழிய 20 பாகை, உள்ளே வெப்பமூட்டி. அந்த உலர்ந்த காற்றில் தோல் இறுகிச் சுருதி தானாக ஏறும். கல்லால் தட்டி இறக்கி வைத்தால் அரை மணித்தியாலத்தில் திரும்ப ஏறி நிற்கும். இடந்தலையில் ஒட்டிய ரவை, வர்ணம் என்ற நீண்ட உருப்படியின் பாதியிலேயே காய்ந்து கழன்று விழும். வலந்தலையின் நடுவே உள்ள கறுப்புக் கரணை பொரிந்து உதிரத் தொடங்கினால் அந்த மூட்டு, அதாவது அந்தப் பக்கத் தோல், முடிந்தது. புது மூட்டுக் கட்ட ஆள் தேடி அலைந்து, கடைசியில் சென்னையிலிருந்து யாராவது வரும்போது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்லி, மாசக்கணக்கில் காத்திருந்திருக்கிறேன். இப்போது என் மிருதங்கங்கள் இருக்கும் அறையில் ஈரப்பதம் ஊட்டும் இயந்திரம் இரவு பகலாக ஓடுகிறது. பிள்ளைகள் படுக்கும் அறைக்கு அதை வாங்கியது பிறகுதான்.

பகலில் ஆங்கில வகுப்பு, இரவில் ஒரு பாண் தொழிற்சாலை. மணித்தியாலத்துக்கு 10 டொலர் 25 சதம், அந்த வருடம் ஒன்ராறியோவின் குறைந்தபட்சக் கூலி. சனி, ஞாயிறுகளில் மிருதங்கத்தை உறைக்குள் போட்டு 54ஆம் இலக்க லோரன்ஸ் கிழக்கு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஒத்திகைக்குப் போவேன். முதலாவது கச்சேரி ஒரு கோயிலில். தேங்காய், பழம், ஒரு சால்வை, உறைக்குள் 40 டொலர். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன், சந்தோஷத்தில். இந்த மண்ணிலும் என் கையை ஒரு பாட்டுக்காரர் நம்பினார் என்ற சந்தோஷம் அது. அந்த 40 டொலரை இன்றைக்கும் குறையாக நினைக்கவில்லை.

குறை மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. ஓர் அரங்கேற்றம் என்றால் அலாரிப்பு தொடங்கித் தில்லானா வரை இரண்டரை மணித்தியாலம். மிருதங்கக்காரன் பாட்டை மட்டும் கேட்டு வாசித்தால் போதாது, பிள்ளையின் காலைப் பார்க்க வேண்டும். எந்தத் தீர்மான ஜதியில் அவள் மூச்சு வாங்குகிறாள், எந்த அடவில் அரை அட்சரம் பிந்துகிறாள் என்று தெரிந்து தாங்கிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஆறு ஒத்திகை, சிலவேளை எட்டு. ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். எல்லாம் கூட்டிப் பார்த்தால் பாண் தொழிற்சாலைக் கூலியில் பாதிகூட வராத அரங்கேற்றங்கள் உண்டு. கேட்டால், "தம்பி, உமக்கு இது ஒரு நல்ல சந்தர்ப்பம்தானே" என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

2014இல் அந்தச் சந்தர்ப்பங்களை எண்ணிப் பார்க்க வேண்டி வந்தது. புதிதாகக் குடியேறிய கலைஞர்களுக்கு விண்ணப்பம் எழுத உதவும் ஒரு பெண்மணியிடம் போனேன். ரொறன்ரோ கலை மன்றம், ஒன்ராறியோ கலை மன்றம், கனடா கலை மன்றம் மூன்றும் தனிக் கலைஞர்களுக்கு நிதி கொடுக்கின்றன. தொழில்முறைக் கலைஞர் யார் என்பதற்கு ஏறக்குறைய ஒரே மாதிரியான அளவுகோல்கள்தான்: பயிற்சி, அதே கலையில் உள்ள மற்றவர்களின் அங்கீகாரம், பொதுமேடை அனுபவம், செய்யும் வேலைக்கு ஊதியம் பெறுகிறாரா என்பது. பயிற்சிக்கு என் சான்றிதழ்கள் போதும் என்றார். பிறகு, "மேடைகளின் பட்டியலும் ஆதாரமும் தாருங்கள்" என்றார்.

நாலு வருடத்தில் 70 நிகழ்ச்சிக்கு மேல் வாசித்திருந்தேன். வீட்டுக்குப் போய் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய அழைப்பிதழ்களைக் கொட்டித் தேடினேன். என் பெயர் அச்சிலிருந்தது மூன்றில். மற்றவற்றில் "உள்ளூர்க் கலைஞர்கள்", "பக்கவாத்தியக் குழுவினர்", அல்லது ஒன்றுமே இல்லை. ஒளிப்பதிவு கேட்டு இரண்டு குடும்பங்களிடம் போனேன். இரண்டிலும் என் சத்தம் தொடக்கம் முதல் முடிவு வரை இருக்கிறது, ஆனால் கமரா ஒரு தடவைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஓரிடத்தில் முழங்கை மட்டும் தெரிகிறது. பற்றுச்சீட்டு ஒன்றுமில்லை. அந்தப் பெண்மணி இரக்கத்தோடு பார்த்துவிட்டு, "அடுத்த வருடம் வாருங்கள்" என்றார். 70 மேடைகள், தாளில் மூன்று.

1971இல் திருச்சி சங்கரன் ஐயா இதே நகரத்துக்கு வந்தார். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர். யோர்க் பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசை பாடிய அமெரிக்கர் ஜோன் ஹிக்கின்ஸ் அவர்களோடு சேர்ந்து கர்நாடக இசையைப் பாடமாக்கினார். நெக்ஸஸ் தாளவாத்தியக் குழுவோடு வாசித்தார். 2011இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. மிருதங்கம் என்றால் என்ன என்று இந்த நாட்டு இசைக்காரர்கள் கேட்கத் தேவையில்லாமல் செய்தவர் அவர். ஆனால் அவருக்குப் பல்கலைக்கழகம் ஓர் இடமும் சம்பளமும் கொடுத்தது. எங்களைப் போல அகதியாகவும் குடும்ப விசாவிலும் வந்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் இல்லை, எங்கள் சமூகத்தின் மேடைகள்தான் இருக்கின்றன. அந்த மேடைகள் எங்களை எழுதிவைக்காவிட்டால் வேறு யாரும் எழுதிவைக்கப் போவதில்லை.

2017 ஆனியில் கோர்னர் மண்டபத்துக்கு ஒரு நண்பரோடு போயிருந்தேன். கனடாவின் 150ஆவது ஆண்டுக்காக ரோயல் கன்சர்வேட்டரி இசைக் கல்லூரி, வெவ்வேறு நாடுகளிலிருந்து குடியேறிய கலைஞர்களைச் சேர்த்து உருவாக்கிய 'கூனே' இசைக்குழுவின் முதல் கச்சேரி. ஈரான், உக்ரைன், பர்கினா பாசோ, பாகிஸ்தான் என்று வந்தவர்கள். நிகழ்ச்சித் தாளைப் பிரித்தேன். ஒவ்வொருவர் பெயரும், வந்த நாடும், வாசிக்கும் வாத்தியமும் இருந்தன. அவர்களில் சிலரை நான் தெருவிழாக்களில் கண்டிருக்கிறேன். என்னைப் போல பஸ்ஸில் வாத்தியம் சுமந்தவர்கள். கச்சேரி முடியும்வரை அந்தத் தாளை மடிக்காமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

என் வாழ்க்கையில் ஒரு தாள் அதற்கு இரண்டு வருடம் முந்தி வந்திருந்தது. 2015இல் மிசிசாகாவில் உள்ள ஒரு நடன ஆசிரியை ஒத்திகைக்கு அழைக்கும்போதே ஒரு பக்க ஒப்பந்தம் அனுப்பினார். நாள், இடம், ஆறு ஒத்திகை, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு, நிகழ்ச்சிக்கு இவ்வளவு, பாதி முற்பணம், அழைப்பிதழில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், வர்ணத்தில் என் பகுதி தெரியும்படி பத்து நிமிட ஒளிப்பதிவு. தொகை பெரிதாக ஒன்றுமில்லை. காசோலையாகத் தந்தார். அந்த ஒப்பந்தம், அந்த அழைப்பிதழ், அந்தப் பத்து நிமிடம் மூன்றையும் வைத்துத்தான் ஒரு நூலக நிகழ்ச்சி கிடைத்தது. அங்கே முப்பது பேர், தமிழர் ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் ஆதி தாளம் போடப் பழக்கினேன், எட்டு அட்சரம், ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு இரண்டு தடவை. ஒரு முதிய இத்தாலியர் கடைசிவரை தாளம் விடவில்லை. முடிப்புக் கோர்வை சமத்தில், தாளத்தின் தொடக்கத் தட்டில், விழுந்தபோது என்னைவிட அவர்தான் துள்ளினார். அதிலிருந்து பாடசாலைகள், பிறகு டவ் என்ற வட்டத் தோல்வாத்தியம் வாசிக்கும் ஓர் ஈரானியரோடு கோடை விழாக்கள், பிறகு முதலாவது கலை மன்ற நிதி. 2018இல் இரவு வேலையை விட்டேன். இன்றும் கிழமையில் மூன்று நாள் வேறு வேலைக்குப் போகிறேன்தான், ஆனால் பகலில்.

2020 பங்குனியில் எல்லா மண்டபமும் பூட்டினபோது அந்தத் தாள்களின் அருமை இன்னும் தெரிந்தது. அரசாங்கம் நாலு கிழமைக்கு 2,000 டொலர் உதவி கொடுத்தது. முந்திய வருடத்திலோ கடந்த 12 மாதத்திலோ 5,000 டொலராவது உழைத்திருக்க வேண்டும் என்பது விதி. என்னிடம் காசோலையும் கணக்கும் இருந்தன. எனக்குத் தெரிந்த ஒரு தவில்காரர் 2019இல் என்னைவிடக் கூடுதலாக உழைத்தவர். முழுவதும் உறைக்குள் வந்த காசு, ஒன்றும் எழுத்தில் இல்லை. பயத்தில் விண்ணப்பிக்கவே இல்லை. கணக்கு வைக்காதது அவருடைய பிழையும்தான், மறுக்கவில்லை. ஆனால் காசோலை தரவா என்று அவரிடம் ஒருவரும் கேட்டதுமில்லை.

காசு, ஒப்பந்தம் என்று கதைப்பது கலைக்கு இழுக்கு, வெள்ளைக்காரப் பழக்கம் என்று சில பெரியவர்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் ஊர்க் கோயில் திருவிழாவை நினைத்துப் பார்க்க வேண்டும். வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்துத்தான் மேளகாரரைப் பேசுவார்கள். திருவிழா அறிவித்தலான விஞ்ஞாபனத்தில் எத்தனையாம் திருவிழா, உபயகாரர் யார், நாதஸ்வரம் யார், தவில் யார் என்று அச்சடித்து வரும். தெட்சணாமூர்த்தி தவில் என்று அதில் கண்டால் பக்கத்து ஊர்ச் சனமும் சைக்கிள் மிதித்து வந்தது என்று என் அப்பப்பா சொல்லுவார். அச்சாரமும் விஞ்ஞாபனமும் எங்களுடைய வழக்கம். கடல் கடந்து வரும்போது வழியில் விட்டுவிட்டோம்.

சென்னையிலிருந்து கலைஞர்களைக் கூப்பிடுவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அவர்கள் வரும்போது முன் வரிசையில் இருந்து கேட்டுப் படிப்பவன் நான். அவர்கள் பெயர் போடும் அழைப்பிதழில் எங்கள் பெயரையும் அதே எழுத்தளவில் போடுங்கள் என்று பெற்றோரைக் கேட்கிறேன். பேசிய தொகையை, சிறிதோ பெரிதோ, ஒரு தாளில் எழுதுங்கள். ஒத்திகையையும் வேலையாக எண்ணுங்கள். ரொறன்ரோ இசைக்கலைஞர் சங்கத்தின் கட்டணப் பட்டியலிலும் ஒத்திகைக்கென்று தனிக் கட்டணம் இருக்கிறது. கோயில் நிர்வாகங்கள் உறைக்குப் பதில் காசோலை தந்தால் அதுவே எங்களுக்குப் பிரசாதம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: பக்கவாத்தியக்காரர் பெயர் இல்லாமல் ஒரு நிகழ்ச்சிச் செய்தி வந்தால், போடுவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, வயலின் யார், மிருதங்கம் யார், புல்லாங்குழல் யார் என்று கேளுங்கள். இரண்டு நிமிடம் போதும்.

என் பெயரும் முகவரியும் உங்களுக்காகத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். தயவுசெய்து இந்தக் கடிதத்தின் கீழே மட்டும் அதைப் போடாதீர்கள். போட்டால் எந்த அரங்கேற்றம், எந்தக் குடும்பம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளை வர்ணத்தில் ஓரிடமும் தாளம் தப்பாமல் மிக வடிவாக ஆடினாள். பெற்றோர் செய்ததற்கு அவளைக் குறை சொல்லும் நிலை வரக்கூடாது.

இப்படிக்கு,
மிருதங்கக் கலைஞர் ஒருவர்,
ஸ்காபரோ