பண்ணையைக் காட்டாமலே திருப்பி அழைத்து வந்தது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: நியூசிலாந்து குழுச் சுற்றுலா – குயின்ஸ்டவுனில் பண்ணைக்கு அழைத்துச் செல்லாததால் பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

உங்கள் நிறுவனத்தின் நியூசிலாந்து பேக்கேஜில் என் அம்மாவோடு போய் வந்தேன். குயின்ஸ்டவுன் நாளுக்கு நீங்கள் அச்சிட்டுக் கொடுத்த வரி இது: "வாகாட்டிப்பு ஏரியில் நீராவிக் கப்பல் பயணம், வால்டர் பீக் பண்ணை – கட்டணம் உட்பட." கப்பல் கிடைத்தது, பண்ணை கிடைக்கவில்லை.

கப்பலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1912-இல் ஓடத் தொடங்கிய எர்ன்ஸ்லா என்ற அந்தக் கப்பல் இன்றைக்கும் நிலக்கரியில்தான் ஓடுகிறது, மணிக்கு ஏறத்தாழ ஒரு டன் கரி தின்னுமாம். இயந்திர அறைக்கு மேலே நின்று பார்க்க வழி வைத்திருக்கிறார்கள். கீழே ஒருவர் கரியை வாரி வாரி உலையில் போடுவதை, அனல் முகத்தில் அடித்தும் நகராமல் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கரை சேர்ந்ததும்தான் சிக்கல். இறங்கப் போனவர்களை ஊழியர் நிறுத்தி, டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, இது கப்பலில் போய்த் திரும்புவதற்கு மட்டும் என்றார். பண்ணைக்கு வேறு டிக்கெட், விலையும் கூடுதல். அவர்மேல் தப்பில்லை, நீங்கள் வாங்கியதைத்தான் அவர் படித்தார். சரி, வித்தியாசத்தை நாங்களே கட்டி இறங்கலாம் என்றால், அடுத்த நடையில் திரும்புவதற்குள் நம் குழுவின் பஸ் கிளம்பிவிடும். உங்கள் டூர் மேனேஜரோ கப்பலிலேயே ஏறவில்லை, போனையும் எடுக்கவில்லை. மறுநாள் நாங்களே போகலாம் என்றாலும் முடியாது, விடிந்ததும் மில்ஃபோர்டு சவுண்டுக்குப் புறப்பாடு.

அம்மா ஊரில் ஆடு மாடு வளர்த்தவர். ஒற்றை நாய் ஒரு மந்தையையே மடக்கி ஓட்டி வருமாமே, கம்பளியை ஒரே விரிப்பாகக் கத்தரித்து எடுப்பார்களாமே என்று கேட்டுத்தான் இவ்வளவு தூரம் வரச் சம்மதித்தார். கண்ணை மறைக்க முடி தொங்கும் ஹைலேண்ட் மாட்டின் படத்தை விளம்பரத் தாளில் போட்டதும் நீங்கள்தான். மற்றவர்கள் இறங்கிப் பண்ணை வீட்டை நோக்கி நடந்து போவதை அவர் மேல்தளக் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊர் திரும்பிக் கேட்டதற்கு உங்கள் அலுவலகத்தில் சொன்ன பதில்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. "பண்ணைக்குள்ளே போவோம் என்று போடவில்லையே சார், கப்பலிலிருந்தே தெரியுமே" என்றார்கள். வால்டர் பீக் மலை குயின்ஸ்டவுன் கரையில் நின்றாலே தெரிகிறது, அதற்குக் காசா? அப்புறம், அந்த "கட்டணம் உட்பட" எந்தக் கட்டணம்?

கப்பல் மட்டும் போகும் டிக்கெட்டுக்கும் பண்ணையும் சேர்ந்த டிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் இருவருக்கும் திருப்பித் தாருங்கள். விட்டுப்போன நிகழ்ச்சிக்கு உரிய இழப்பீடும் வேண்டும். அடுத்த முறை தள்ளுபடி தருகிறோம் என்ற கூப்பன் வேண்டாம். அடுத்த குழுவுக்கு அச்சிடும் தாளிலாவது உள்ளதை உள்ளபடி போடுங்கள்.

பயணத்திட்டம், டிக்கெட், பணம் கட்டிய ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்க அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது, அதற்கு 2 ஆண்டு அவகாசமும் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்