மாமாக் கடை மேசையில் முடியும் குத்தகைகள்: பினாங்குத் தமிழ்க் குத்தகையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு மாநிலத்தில் பூச்சு, தரை ஓடு, சாயம், கால்வாய், கம்பி வேலை என்று துணைக்குத்தகை எடுத்து நடத்தும் அண்ணன்மார்களுக்கும் மாமாமார்களுக்கும் வணக்கம்.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரியும். பள்ளி விட்டதும் அப்பாவின் லோரி முன்னிருக்கையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய சிறுமி நான்தான். இப்போது கட்டுமான நிர்வாகத்தில் பட்டப்படிப்பு, மூன்றாம் ஆண்டு. "சிமெண்டு குழைக்க நான்கு வருடப் படிப்பா?" என்று அப்பாவிடம் கேட்ட மாமாவை நான் மறக்கவில்லை. இந்த மடல் அவருக்கும் சேர்த்துத்தான்: எங்களைப் போன்ற மாணவர்களை உங்கள் சைட்டில் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வகுப்பில் சொல்லித்தருவதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வேலை அட்டவணைப் பாடத்தில் ஒரு முறை உண்டு. எந்தெந்த வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் கட்டடமே ஒரு நாள் தள்ளிப்போகுமோ, அவற்றை மட்டும் சங்கிலியாகக் கோத்துப் பார்ப்பது. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் உருவான கணக்கு. விரிவுரையாளர் அதைப் பலகையில் வட்டமும் அம்புமாக வரைந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குழாய் பதிக்காமல் பூசாதே, பூச்சு காயாமல் சாயம் அடிக்காதே, வெளிக் கால்வாயை மட்டும் எப்போது வேண்டுமானாலும் தோண்டிக்கொள்" என்று அப்பா ஆட்களிடம் கத்தியது அதே கணக்குதான். அவருக்கு அம்புக்குறி தேவைப்படவில்லை.

அப்பாவிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. காகிதம்.

24 கிலோமீட்டர் நீள இரண்டாம் பினாங்குப் பாலம் 2014 மார்ச்சில் திறந்த பிறகு, அது பெருநிலத்தில் இறங்கும் பத்து காவான் பக்கம் வேலை குவிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2016இல் அங்கே ஒரு முதன்மைக் குத்தகையாளரிடம் வரிசை வீடுகளுக்குப் பூச்சு வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. சதுர மீட்டருக்கு என்ன விலை, எத்தனை வீடு, எப்போது பணம், எல்லாம் ஒரு மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவகம்) மேசையில் இரண்டு தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) ஆறுவதற்குள் முடிந்தது. கை கொடுத்தார்கள், அவ்வளவுதான். பாதி வேலையில் முன்சுவருக்குக் கூடுதலாக ஒரு பட்டை வேண்டும் என்றார்கள். "செய்யுங்கள், வி.ஓ. பிறகு பார்த்துக்கொள்ளலாம்." வி.ஓ. என்றால் கூடுதல் வேலைக்கான மாற்று உத்தரவு. அப்பா செய்தார். மூன்றாம் மாதம் பணம் நின்றது. மேம்பாட்டாளர் தங்களுக்குத் தரவில்லை, வந்ததும் தருகிறோம் என்றார்கள். கடைசியில் 46,000 ரிங்கிட் வரவே இல்லை. ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க அந்த லோரியை விற்றார். நான் அப்போது ஐந்தாம் படிவம் கூடத் தொடவில்லை.

இரண்டாம் ஆண்டு ஒப்பந்தச் சட்ட வகுப்பில்தான் எனக்குத் தெரிந்தது, அப்பா ஏமாந்த நேரத்தில் நாட்டில் அதற்கென்றே ஒரு சட்டம் இருந்தது என்று. 2012இல் இயற்றப்பட்டு 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருப்பது. கட்டுமானத் தொழில் பணம் செலுத்தல், தீர்ப்பளிப்புச் சட்டம் என்பது பெயர்; துறையில் எல்லாரும் சிப்பா (CIPAA) என்பார்கள். வேலை செய்தவர் எழுத்தில் பணம் கோரினால் எதிர்த்தரப்பு 10 வேலை நாள்களுக்குள் பதில் தர வேண்டும். வாய் மூடி இருந்தால் முழுத் தொகையையும் மறுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். மறுத்தால் தீர்ப்பாளர் ஒருவரிடம் போகலாம். இரு தரப்பு ஆவணங்களும் வந்து சேர்ந்த பிறகு அவர் 45 வேலை நாள்களில் முடிவு சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், "எங்களுக்கு வந்தால்தான் உங்களுக்கு" என்ற நிபந்தனையே அந்தச் சட்டத்தின்படி செல்லாது. அப்பாவிடம் அவர்கள் சொன்ன அதே வாக்கியம்.

வகுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வரி வந்தது: எழுத்தில் செய்துகொண்ட கட்டுமான ஒப்பந்தங்களுக்கே இச்சட்டம் பொருந்தும். விரிவுரையாளர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். நான் போகவில்லை.

தீர்ப்பாளருக்குக் கட்டணம் உண்டு. சின்னத் தொகைக்கு அது கட்டுப்படியாகாமலும் போகலாம். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் கையில் கையெழுத்திட்ட ஒரு தாளோடு பேசப் போகிறவரின் குரலும் வெறுங்கையோடு போகிறவரின் குரலும் ஒன்றல்ல என்பதை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டும், நான் உங்களுக்கு அல்ல.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். எங்கள் படிப்பில் தொழிற்பயிற்சி கட்டாயம். கெலுகோரில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் உட்பட நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. அவற்றில் நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பயிற்சிக் காலம் வந்ததும் எல்லாரும் பெரிய நிறுவனங்களுக்கே விண்ணப்பிக்கிறோம். ஏனென்றால் நீங்கள் யாரும் எங்களைக் கூப்பிடுவதில்லை.

நானும் தீவில் ஒரு பெரிய நிறுவனத்தில் பன்னிரண்டு வாரம் இருந்தேன். பெயர் வேண்டாம். நகல் எடுத்தேன், கோப்புகளுக்குப் பெயர் மாற்றினேன், கூட்டத்துக்குத் தண்ணீர் போத்தல் அடுக்கினேன். சைட்டுக்குப் போனது நான்கு முறை. அதில் மூன்று முறை வருகை தந்த பிரமுகரைப் படம் எடுக்க. பல்கலைக்கழகப் பதிவேட்டில் நகல் எடுத்ததை "ஆவண மேலாண்மை" என்று எழுதினேன். என் எழுத்துத் திறமையைப் பாராட்டி மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு விடுமுறையில், அப்பாவின் நண்பர் ஒருவரிடம் மூன்று வாரம் போனேன். புக்கிட் மெர்தாஜாமில் கடை வரிசைக்குக் கால்வாயும் தரை ஓடும் அவர் வேலை. எனக்கு மேசை கிடையாது, சைட் அலுவலகமாக வைத்திருந்த கூண்டுப் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான். நான் செய்ததும் பெரிதாக ஒன்றுமில்லை. தினமும் சைட் டயரி எழுதினேன். மழை எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு விட்டது, எத்தனை ஆள், எவ்வளவு மணல் இறங்கியது, யார் வந்து என்ன செய்யச் சொன்னார்கள். மாலையில் முதன்மைக் குத்தகையாளரின் சைட் மேலாளருக்கு வாட்ஸ்அப் போகும்: "இன்று காலை நீங்கள் சொன்னபடி பின்பக்கக் கால்வாயைக் கூடுதலாக ஆறு மீட்டர் நீட்டினோம், உறுதிப்படுத்தவும்." மூன்று வாரத்தில் இப்படி ஒன்பது கூடுதல் வேலைகள். மாமா வழக்கமாக இவற்றை மனத்தில் வைத்திருந்து, கடைசியில் பேரம் பேசும்போது பாதியை மறந்துவிடுவார். இந்த முறை ஏழு உறுதியாகிப் பணக் கோரிக்கையில் ஏறின. இரண்டு இன்னும் இழுபறியில் இருக்கின்றன.

மழைக் குறிப்புக்கும் பயன் வந்தது. அக்டோபர் மழை உங்களுக்குத் தெரியாததா? வேலை தாமதமானால் எல்.ஏ.டி. என்று தாமதத்துக்கான ஓர் இழப்பீட்டுத் தொகையை உங்கள் தலையில் கட்டுவார்கள். மழைக்குக் கால நீட்டிப்புக் கேட்க ஒப்பந்தம் இடம் தந்தாலும், எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று காட்டாமல் யார் தருவார்?

நான் அங்கே கற்றதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது படித்த பெண்ணின் உபதேசமாகிவிடும். ஈர மணல் உப்பிக்கொள்ளும், ஆகவே வாளிக்கணக்கில் அளந்தால் உண்மையான மணல் குறைந்துவிடும் என்று ஒரு கொத்தனாருக்கு மிகுந்த அக்கறையோடு விளக்கினேன். "தெரியும், அதனால்தான் மழை நாளில் கொஞ்சம் கூடுதலாகப் போடுகிறோம்" என்றார், கரண்டியை நிறுத்தாமலே. பதித்த தரை ஓடுகளை ஒரு நாணயத்தால் தட்டி, அடியில் சாந்து பிடிக்காத இடத்தை ஓசையிலேயே கண்டுபிடிக்க அவர்தான் கற்றுத்தந்தார். எனக்கு இன்னும் பத்துக்கு மூன்று தப்புகிறது.

பாதுகாப்பு விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்துச் சரிவு இடிந்து 11 தொழிலாளர்கள் இறந்தது இந்தத் தீவில்தான். 2024 ஜூன் முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்களில் எத்தனை பேருக்கு யாராவது இதைச் சொன்னார்கள்? பயிற்சி மாணவர் அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது. ஆனால் எங்கே என்ன கேட்க வேண்டும் என்று படித்துச் சொல்லலாம்.

"பெண் பிள்ளையைச் சைட்டில் எப்படி விடுவது" என்று தயங்குபவர்களுக்கு: எங்களுக்குப் பயம் சாரத்தில் ஏறுவதில் இல்லை. பூட்டுப் போடக்கூடிய ஒரு கழிவறை வேண்டும். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைட்டில் வேலை செய்யத் தேவையான சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பச்சை அட்டையை நாங்களே எடுத்துக்கொண்டு வருவோம். காலணியும் தலைக்கவசமும் இருக்கின்றன. பல்கலைக்கழகத்துக்கு ஒரு ஏற்புக் கடிதம், வாரத்துக்கு ஒரு கையெழுத்து, முடிந்தால் பெட்ரோல் காசும் மதியச் சோறும். உங்கள் நிறுவனம் ஜி7 (குத்தகையாளர்களின் மிக உயர்ந்த தரம்) ஆக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உங்களைப் பயிற்சி இடமாக ஏற்பார்களா என்று பல்கலைக்கழகத்தில் கேட்டு அலைவது எங்கள் வேலை. பதிலுக்கு எங்களிடம் சைட் டயரியைக் கொடுங்கள், அளவு நாடாவைக் கொடுங்கள். அடுத்த குத்தகை பேசப் போகும்போது அந்த மாமாக் கடை மேசையில் ஓரமாக ஒரு நாற்காலி போடுங்கள். நாங்கள் பேச மாட்டோம், எழுதிக்கொண்டு மட்டும் இருப்போம்.

அடுத்த பயிற்சிக் காலத்துக்கு என் வகுப்பிலிருந்தும் எனக்குக் கீழுள்ள வகுப்பிலிருந்தும் ஆறு பேர் தயாராக இருக்கிறோம். காலை எத்தனை மணிக்கு, எந்தச் சைட்டுக்கு வர வேண்டும் என்று சொல்லுங்கள். ஏழரைக்கு முன்பே நிற்போம்.