கூட்டம் போதாது, குழு வேண்டும்: வேலூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். அணைக்கட்டுப் பக்கம் ஜவ்வாது மலையில் ஒருவர் காணாமல் போனால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். காவல் நிலையத்தில் புகார் கொடுப்பார்கள். பொழுது சாய்வதற்குள் நூறு, இருநூறு பேர் டார்ச் லைட்டோடு காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். அவர்களுடைய நல்ல மனசில் குறையே இல்லை. ஆனால் ஓடை மணலில் இருந்த காலடித் தடம் முதல் ஒரு மணி நேரத்திலேயே அந்தக் கூட்டத்தின் காலில் அழிந்துபோகிறது. யார் எந்தச் சரிவைப் பார்த்தார்கள் என்று எழுதிவைக்க ஆள் இல்லை. மறுநாளும் அதே பள்ளத்தைத் தேடுகிறார்கள். பக்கத்துப் பள்ளம் பார்க்கப்படாமலே கிடக்கிறது.

இந்த மாவட்டத்துக்கென்று பதிவும் பயிற்சியும் பெற்ற தன்னார்வத் தேடல் குழு ஒன்றை அமைத்துத் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மற்ற நாடுகளிலும் இது ஊர்க்காரர்கள் கையில்தான் வளர்ந்தது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் மலையேறுபவர்கள் 1948-இல் மீட்பு மன்றம் தொடங்கினார்கள். காட்டில் தொலைந்தவர்களைத் தேட, 1954-இல் அங்கேயே சாரணர் இயக்கத்தின் மூத்த பிள்ளைகளைக் கொண்டு தனிக் குழு உருவானது. கனடாவின் வான்கூவரை ஒட்டிய மலையடிவாரத்தில் 1965-இல் தொடங்கிய குழு, முதலில் போர்க்கால இடிபாட்டு மீட்புக்கான குடிமைப் பாதுகாப்பு அணி. பிறகுதான் மலைத்தேடலுக்கு மாறியது. நம் நாட்டின் 1968-ஆம் ஆண்டுக் குடிமைப் பாதுகாப்புச் சட்டமும் 2009-இல் திருத்தப்பட்டு, பேரிடர்ப் பணியையும் சேர்த்துக்கொண்டது. சட்டத்தில் இடம் இருக்கிறது. நம் மலைக்கு ஆள்தான் இல்லை.

கூட்டத்தை ஏன் நம்பக்கூடாது என்பதற்குக் கணக்கே உண்டு. 1974-இல் ஜான் வார்ட்ஸ் என்பவர் அந்தச் சியாட்டில் சாரணர் குழுவைக் கொண்டு சோதித்தார். ஒரு மைல் அகலத்தில் 20 அடிக்கு ஒருவராக வரிசையில் நின்று நடந்து தேட 264 பேர் வேண்டும். கண்டுபிடிக்கும் வாய்ப்பு சுமார் 90 விழுக்காடு. 100 அடிக்கு ஒருவர் என்றால் 53 பேர் போதும். வாய்ப்பு சுமார் 50. அந்த 53 பேரே அதே இடத்தை மூன்று முறை பார்த்தால், ஒவ்வொரு முறையும் மிச்சத்தில் பாதி குறைந்து, வாய்ப்பு 87-ஐத் தொடும். அதாவது 264 ஆள்நடைக்குப் பதில் 159 ஆள்நடையில் ஏறக்குறைய அதே பலன். மீதி ஆட்களை அடுத்த பள்ளங்களுக்கு அனுப்பலாம். இது அந்தக் காட்டின் கணக்கு. ஜவ்வாது மலைப் புதருக்கு இடைவெளியை நாமே அளக்க வேண்டும்: பழைய சட்டை ஒன்றைப் புதரடியில் போட்டு, எட்டுத் திசையிலும் அது கண்ணுக்கு மறையும்வரை விலகி நடந்து, அந்த தூரங்களின் சராசரியை எடுத்தால் தொடக்கத்துக்கு ஓர் அளவு கிடைத்துவிடும்.

இப்படி வரிசையாக நடந்து தேடுவது கடைசியில்தான். முதலில் மூன்று, நான்கு பேர் கொண்ட சிறு குழுக்கள் ஒற்றையடிப் பாதை, ஓடைச் சந்திப்பு, குட்டை, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு ஆகியவற்றை வேகமாகப் பார்த்துவிட வேண்டும். அந்த நேரத்திலேயே மலையை விட்டு வெளியேறும் பாதைகளில் ஆள் நிற்க வேண்டும். தடம் கிடைத்தால் அதன்மேல் பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து வையுங்கள். டார்ச்சை மேலிருந்து அடித்தால் தடம் தெரியாது. தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால் விளிம்பில் நிழல் விழும். ஒரு குச்சியில் ரப்பர் பேண்ட் மாட்டி, ஒரு தடத்தின் முன்நுனியிலிருந்து அடுத்த தடத்தின் குதிகால் வரை அளந்துகொண்டால், அடுத்த காலடி எங்கே விழுந்திருக்கும் என்பதைக் குச்சியே காட்டிவிடும்.

மூன்று முறை விசில் அடித்த பிறகு ஒரு நிமிடம் எல்லோரும் வாயை மூடி, அசையாமல் நிற்க வேண்டும். நம் ஆட்களுக்கு மிகக் கடினமான பயிற்சி இதுதான். ஓயாமல் கத்திக்கொண்டிருந்தால் பதில் குரல் எப்படிக் கேட்கும்? மறதி நோய் உள்ள முதியவர் கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் இருக்கக்கூடும். சின்னப் பிள்ளை திட்டுக்குப் பயந்து ஒளிந்துகொள்ளும். ஆகவே புதருக்குள் குனிந்து பார்க்காமல் ‘தேடியாயிற்று’ என்று எழுதக்கூடாது. சொந்தக்காரர்கள் மாற்றி மாற்றி போன் அடித்துக் காணாமல் போனவரின் பேட்டரியைத் தீர்த்துவிடுவதையும் தடுக்க வேண்டும்.

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை, பலாம்பட்டு ஊராட்சிகளிலிருந்து ஊராட்சிக்கு எட்டுப் பேரைத் தேர்ந்தெடுங்கள். தேன் எடுக்கவும் மாடு மேய்க்கவும் போகிறவர்களுக்கு அந்தக் காடு உள்ளங்கை மாதிரி. அவர்களை வெறும் வழிகாட்டியாக வைக்காமல் குழுத் தலைவர்களாக ஆக்குங்கள். தேடும் நாளுக்குக் கூலியும், காயம் பட்டால் காப்பீடும் வேண்டும். காப்புக்காட்டில் இரவில் நுழைய வனத்துறையின் முன் அனுமதி இல்லாவிட்டால் விடியும்வரை அடிவாரத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும். செல்போன் சிக்னல் இல்லாத பள்ளங்களுக்கு வனத்துறையின் வயர்லெஸ் இரண்டைத் தேடல் நாட்களில் கொடுத்து உதவச் சொல்லுங்கள். அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது படைப்பிரிவு இருக்கிறது. முதலுதவிக்கும் கயிற்று வேலைக்கும் பயிற்சி தர அவர்களை அழைக்கலாம்.

1077 என்ற எண்ணில் அழைக்கும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் ஒரே ஒரு பக்கப் படிவமும் வையுங்கள். வயது, நோய், கடைசியாகப் பார்த்த இடமும் நேரமும், போனில் எவ்வளவு சார்ஜ், செருப்பா ஷூவா, அதன் அளவு என்ன, அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என எல்லாம் முதல் அழைப்பிலேயே கேட்டு எழுதப்பட வேண்டும். செருப்புக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அது தெரியாமல் ஓடை மணலில் நிற்பவருக்கு எது யார் தடம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
தேடல் பணி அறிந்த வேலூர் தன்னார்வலர்கள்