இலையைக் கடிக்க விட்டவர்களுக்கு நன்றி

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புப் பேட்டையின் பலமாடிக் கார் நிறுத்துமிட மேல்தளத்தில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் அமையக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

மண்ணின் எடையை மழையில் ஊறிய நிலையில்தான் கணக்கிட வேண்டும் என்று உறுதியாக நின்ற கட்டமைப்புப் பொறியாளருக்கு முதல் நன்றி. சாதாரணத் தோட்டமண் 15 செ.மீ. ஆழம் ஊறினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 270 கிலோ. நுரைக்கல்லும் தேங்காய் நாரும் கலந்ததால் அது 180 கிலோவாகக் குறைந்தது.

நீர்க்காப்பு, வேர்த்தடுப்பு விரிப்பு, வடிகால் தட்டு, வடிகட்டித் துணி என்று வரிசை மாறாமல் விரித்த புதுக்கோட்டை, தஞ்சாவூர்த் தம்பிகளே, துணியின் ஓரங்களை 20 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் போட்டீர்கள். அந்த ஓரம் விலகினால் மண் இறங்கி வடிகால் அடைபடும். தண்ணீர் வடியும் வாயைச் சுற்றி 30 செ.மீ. கூழாங்கல் மட்டும் பரப்பியதும் அதற்காகத்தான்.

கறிவேப்பிலை, எலுமிச்சைக் கன்றுகள் கொடுத்த அக்காமார்களுக்கு எப்படி நன்றி சொல்வது! பூச்செடி மட்டும் இருந்தால் வண்ணத்துப்பூச்சி தேன் குடித்துவிட்டுப் பறந்துவிடும். முட்டையிட அதற்கென்று உரிய செடி வேண்டும். கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பது பெரும்பாலும் இளம்புழு, வளர்ந்தால் பச்சையாகிவிடும். எருக்கில் வரிவரியாக ஊர்வது வேறொரு இனம். புழு இலையைத் தின்றதும் இரண்டு மூன்று வாரம் செடி மொட்டையாக நிற்கும், பிறகு தளிர்க்கும். சமையலுக்குப் பறிக்க வந்து, புழுவைக் கண்டதும் வேறு கிளைக்குப் போனீர்களே, அதுதான் இந்தத் தோட்டத்தின் உயிர்.

டெங்கி பயம் நியாயமானது. தொட்டித் தட்டுகளை அகற்றி, பறவைக் கிண்ணத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் தேய்த்துக் கழுவும் துப்புரவு ஊழியர்களால்தான் வழக்கமான புகையடிப்பை நிறுத்த நகர மன்றம் இணங்கியது. புகை பறக்கும் கொசுவைக் கொல்லும், தண்ணீரிலுள்ள கொசுப்புழுவைத் தொடாது. தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் அதில் மடியும்.

புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு மேலே 2013இல் அமைந்த 62 மீட்டர் நீளப் பசுமைப் பாலம், விலங்குகள் கடக்க, காட்டோடு காட்டை இணைக்கிறது. நம் மேல்தளம் அதன்முன் மிகச் சிறியது. ஆனாலும் சிறகுள்ளவற்றுக்கு ஓர் இடைத்தங்கல்.

பறவைகள் மோதாமலிருக்க மின்தூக்கிக் கூடத்துக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளி ஒட்டிய இளையர்களுக்கும் நன்றி. ஒற்றைப் பருந்துப் படம் பயன்படாது. பறவை அதை விலக்கிக்கொண்டு பக்கத்துக் கண்ணாடியில் மோதும். வலசைப் பறவைகள் வரும் செப்டம்பருக்குள் எதிர்ப் புளோக்கிலும் ஒட்ட முன்வந்திருக்கிறீர்கள். அதற்கும் இப்போதே நன்றி.

அன்புடன்,
மேல்தளத் தோட்டக் குழுவினர்