கூடை போடாதவர் என்ன செய்தார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியின் சக்கர நாற்காலி கூடைப்பந்து வீராங்கனை அன்னிகா ட்சையன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் யாராவது எழுதுவதே அபூர்வம். அதற்கு நன்றி. ஆனால் 14 வயதில் அவர் குதிரையிலிருந்து விழுந்ததற்கு ஒரு பக்கம், அதிலிருந்து மீண்டதற்கு ஒரு பக்கம், ஆட்டத்துக்கு ஒரே ஒரு பத்தி. அந்தப் பத்தியிலும், அவர் அதிகம் கூடை போடாவிட்டாலும் அணிக்கு உற்சாகம் ஊட்டியவர் என்று போகிறபோக்கில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

உற்சாகம் ஊட்டுவதற்காக ஒருவரை ஏதென்ஸ் 2004, பெய்ஜிங் 2008, லண்டன் 2012, ரியோ 2016 என்று நான்கு பாராலிம்பிக்குக்குத் தொடர்ந்து அழைத்துப்போக மாட்டார்கள். அவற்றில் ஒரு தங்கம், இரண்டு வெள்ளி. அவர் அங்கே என்ன வேலை செய்தார் என்பது உங்கள் கட்டுரையில் இல்லாத ஓர் எண்ணில் இருக்கிறது. அந்த எண் 1.5.

சக்கர நாற்காலி கூடைப்பந்தில் ஒவ்வொருவருக்கும் 1.0 முதல் 4.5 வரை ஒரு வகைப்பாட்டுப் புள்ளி உண்டு. உடம்பின் நடுப்பகுதியை எவ்வளவு கட்டுப்படுத்த முடிகிறது என்பதுதான் முக்கியமான அளவுகோல். பக்கவாட்டில் சாய்ந்து பந்தை எடுத்துவிட்டு, உடனே நிமிர்ந்து உட்கார முடிந்தவர் 4.5. நாற்காலியின் முதுகை விட்டு விலகினால் கையை ஊன்றித்தான் நிமிர முடியும் என்பவர் 1.0 பக்கம். களத்தில் இருக்கும் ஐந்து பேரின் புள்ளிகளைக் கூட்டினால் 14-ஐத் தாண்டக் கூடாது. இந்த எண்ணைச் சொல்லாமல் ஒரு வீராங்கனையைப் பற்றி எழுதுவது, கிரிக்கெட் வீரரைப் பற்றி எழுதிவிட்டு அவர் மட்டையாளரா பந்துவீச்சாளரா என்று சொல்லாமல் விடுவது போல.

கணக்கைப் பாருங்கள். 4.5 வீராங்கனைகள் இருவரை இறக்கினால் அங்கேயே 9 போய்விடும். மிச்சம் 5 புள்ளிக்குள் மூன்று பேரைக் கண்டுபிடிக்க வேண்டும்: ஒரு 2.0, இரண்டு 1.5. அந்த 1.5 சுமாராக ஆடினால் எதிரணி அந்த இடத்தைத்தான் குறிவைக்கும். நன்றாக ஆடினால்தான் இரண்டு உயரமான ஆட்களையும் சேர்த்து வைத்திருக்க முடியும். லண்டனில் ஆஸ்திரேலியாவை 58-44 என்று வென்று, 28 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தப் போட்டியில் ஜெர்மனிக்குத் தங்கம் வந்தபோது, மரீனா மோனென், மரைக்கே ஆடர்மன் (இப்போது மில்லர்) போன்ற 4.5 வீராங்கனைகளின் பெயர்கள்தான் அதிகம் அடிபட்டன. தப்பில்லை, அவர்கள் கூடை போட்டவர்கள். அவர்களுக்கு வழி எப்படிக் கிடைத்தது என்பதுதான் என் கேள்வி.

கல்லூரி நாட்களில் கூடைப்பந்து ஆடியவள் நான். நின்று ஆடும்போது எதிரி குறுக்கே வந்தால் ஓர் அடி பக்கவாட்டில் வைத்துத் தப்பிவிடலாம். சக்கரம் பக்கவாட்டில் நகராது. குறுக்கே ஒரு நாற்காலி வந்து நின்றால் பின்வாங்கி, திரும்பி, சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். பந்து கைமாறியதும், தன் பக்கத்துக்கு ஓட வேண்டிய எதிரணியின் பெரிய ஆட்டக்காரரைப் பாதி மைதானத்துக்கு முன்பே இப்படி மறித்துவிட்டால், மறுமுனையில் மறிப்பவரின் அணியில் மீதி நான்கு பேர், பெரிய ஆட்டக்காரர் இல்லாத நான்கு பேரை எதிர்த்து ஆடுவார்கள். இதைப் ‘பிக்’ என்பார்கள். 1.5 வீராங்கனை ஒருவர் 4.5 வீராங்கனை ஒருவரைச் சில விநாடிகள் பிடித்து வைத்தால் அது பெரிய லாபம். ஒரு தாக்குதலுக்கு மொத்தமே 24 விநாடிதானே! ஆனால் ஸ்கோர் பட்டியலில் கூடைக்கு இடம் உண்டு, பாஸுக்கு உண்டு, ரீபவுண்டுக்கு உண்டு, பிக்குக்கு இல்லை. கேமராவும் பந்தின் பின்னாலேயே போய்விடுகிறது. பிறகு அவர் என்ன செய்தார் என்று கட்டுரை எழுதுபவருக்கு எப்படித் தெரியும்? இந்த இடத்தில் உங்கள் கட்டுரையாளர் மீது எனக்குக் கொஞ்சம் இரக்கமும் உண்டு.

இன்னொன்று. ஜெர்மன் லீக்கில் ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் ஆடுகிறார்கள். அங்கே பெண்களுக்கு வகைப்பாட்டுப் புள்ளியில் 1.5 கழித்துக்கொள்வார்கள். அப்படியானால் ட்சையன் களத்தில் இருந்தால் அணியின் கணக்கில் பூஜ்யம்! லான்-டில் போன்ற பெரிய அணியில் அவர் ஆடியதைச் சலுகை என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பூஜ்யம் என்று இறக்கிவிட்டால் அவரை மோதி நகர்த்தப்போவது முழு பலமுள்ள ஆண்கள். அந்த மோதலில் தாக்குப்பிடிக்காதவரை எந்தப் பயிற்சியாளரும் கணக்குக்காக மட்டும் வைத்திருக்க மாட்டார். அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழக அணிக்கும் அவர் ஆடியிருக்கிறார். இதெல்லாம் கட்டுரையில் வந்திருக்க வேண்டாமா?

இந்தப் புள்ளி முறையைப் புகழ்ந்து தள்ளவும் நான் வரவில்லை. டோக்கியோ போட்டிக்கு முன்னால், 2020-இல், சர்வதேச பாராலிம்பிக் குழு இந்த விளையாட்டின் வகைப்பாட்டை ஏற்க மறுத்து, 4.0, 4.5 ஆட்டக்காரர்களை மறுபடி பரிசோதிக்க வைத்தது. பல வருடம் நாட்டுக்காக ஆடிய சிலர், உங்கள் குறைபாடு போதாது என்று வெளியே அனுப்பப்பட்டார்கள். ஜெர்மன் பெண்கள் அணியிலும் அது நடந்தது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம், எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

ட்சையன் ரியோவுக்குப் பிறகு கூடைப்பந்தை விட்டு, கையால் ஓட்டும் சைக்கிளுக்கு மாறி, டோக்கியோவில் கடிகாரத்தை எதிர்த்துத் தனித்தனியாக ஓட்டும் சைக்கிள் பந்தயத்தில் (டைம் ட்ரையல்) தங்கம் வாங்கினார். அதைக் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்கள், சரி. அந்தத் தங்கம் தனி ஆளாக வாங்கியது, எல்லாருக்கும் புரியும். லண்டன் தங்கத்தில் அவருடைய பங்குதான் விளக்கம் கேட்கிறது, அங்கேதான் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள்.

இனி இந்த விளையாட்டைப் பற்றி எழுதும்போது வீராங்கனையின் பெயருக்குப் பக்கத்தில் வகைப்பாட்டுப் புள்ளியையும் போடுங்கள், அதிக இடம் எடுக்காது. பேட்டி எடுக்க வாய்த்தால் விபத்தைப் பற்றிய கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, எந்த எதிரணி ஆட்டக்காரரை மறித்து நிறுத்துவது மிகவும் கஷ்டமாக இருந்தது, அப்போது என்ன செய்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி