தில்லானா மோகனாம்பாள்: வாசிச்சவங்க பேரு எங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாயிறு இணைப்புல தில்லானா மோகனாம்பாள் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், ரொம்ப சந்தோஷம், ஆனா சிவாஜி பத்மினி நாகேஷ்னு மூணு பேரோட முடிச்சிட்டீங்களே சார். 1968ல வந்த அந்தப் படத்துல சிவாஜி வாசிக்கிற மாதிரி நடிச்சாரு, அந்த நாதஸ்வரத்துக்கு நிஜமா மூச்சு குடுத்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அவங்க பேரு ஒரு வரியில கூட இல்ல, மனசு கஷ்டமாயிடுச்சு.

கதையே ஊர் ஊரா போய் வாசிக்கிற, ஆடுற கலைஞர்களோட கதைதானே. நாதஸ்வரக்காரர் சண்முகசுந்தரத்துக்கும் (சிவாஜி) நாட்டியக்காரி மோகனாவுக்கும் (பத்மினி) நடுவுல காதல் மட்டுமா இருக்கு, யாரு வித்தை பெருசுங்கற வீம்பு, அவரோட சந்தேகம், முன்கோபம், பெரிய பணக்காரனா பாத்து பொண்ணை சேர்த்துடணும்னு துடிக்கிற அம்மா, இதுக்கெல்லாம் நடுவுல கிடந்து அல்லாடுது அந்தக் காதல். மனோரமாவோட ஜில் ஜில் ரமாமணியை வெறும் சிரிப்புக்குன்னு ஒதுக்கிடாதீங்க, அந்த நாடகக்காரி அந்தக் கோபக்கார மனுஷன்கிட்ட எவ்ளோ உரிமையா அன்பா பேசுறாங்க, எனக்கு இப்பவும் கண்ணு கலங்கும்.

இங்க நீலகிரியில கோயில் திருவிழான்னா கீழேருந்து மேளக்காரங்க பஸ் ஏறி வர்றாங்க, பனி ஈரத்துல தவில் தோல் தொய்ஞ்சு நாதம் அடங்கிடும், சூடு காட்டி காட்டித்தான் வாசிப்பாங்க. தயவுசெஞ்சு அவங்களைப் பத்தியும் ஒரு பக்கம் போடுங்க சார், போட்டோவோட, பேரோட.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குன்னூர்